நான் ஆல்ட்டர் செய்த உருண்டைகள்

2025 மே பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. அவசர ஷிப்மெண்ட் எதுவும் இல்லாததால் கம்பெனிக்கு முழு லீவு. காலையில் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. தொட்டி, குடங்கள், சின்ன டிரம் என்று வழக்கமான வரிசையில் பிடித்து வைத்தேன். இட்லியும் தக்காளிச் சட்னியும் செய்தேன். வாரத் துணி மொத்தத்தையும் துவைத்து, வெள்ளையை ஒரு கொடியிலும் கலரை இன்னொரு கொடியிலும் காயப்போட்டேன். என் கணவர் பல்லடம் போய்க் கோழி வாங்கி வந்தார். எங்கள் தெருமுனையிலேயே கறிக்கடை இருக்கிறது. ஆனால் பல்லடத்துக் கோழிதான் கோழி என்பது அவருடைய நம்பிக்கை. பல்லடத்தில் சிநேகிதர்களோடு டீ குடிக்கத்தான் போகிறார் என்பது என்னுடைய நம்பிக்கை.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது, மூத்த மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் முதுகுக்குப் பின்னால் இளையவள், எட்டு வயது. பள்ளிக்கூட லீவில் இந்த இரண்டு பேரும் சேர்ந்து என் முன்னால் வந்து நின்றால், ஒன்று ஏதாவது உடைந்திருக்கும், இல்லையென்றால் ஏதாவது வேண்டும்.

"அம்மா, நாலு மணி வரைக்கும் நீங்க சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாதுங்க" என்றாள் மூத்தவள்.

"ஏஞ்சாமி?"

"இன்னிக்கு அன்னையர் தினம். உங்களுக்கு ஒரு பலகாரம் செய்யறோம். முழுசா நாங்களே."

"அடுப்பு பத்த வெக்கறீங்களா?"

"அடுப்பே வேண்டாம்" என்றாள் இளையவள். "போன்ல பாத்தோம். அம்மாவுக்குக் கொழந்தைங்களே செஞ்சு குடுக்கற மாதிரி நெறையா இருக்குது."

நிறைய இருந்ததில் பலவற்றை அவர்களே தள்ளியிருந்தார்கள். பிஸ்கட்டைப் பொடித்துப் பாலில் குழைத்துக் குளிரவைக்கும் கேக், ஃபிரிட்ஜில் கோழிக் குழம்பு உட்கார்ந்திருந்ததால் தள்ளப்பட்டது. ரொட்டியில் வாழைப்பழ வில்லைகளை அடுக்கி முகம் செய்வது, வாழைப்பழத்தை இளையவள் காலையிலேயே தின்றுவிட்டதால் தள்ளப்பட்டது. கடைசியில் நின்றது பொட்டுக்கடலை உருண்டை. அதற்கு வேண்டிய எல்லாமே வீட்டில் இருந்தன.

"ஒரே ஒரு கண்டிசன்" என்றாள் மூத்தவள். "நீங்க கை வெக்கக் கூடாது. ஒரு தடவ கூட. கை வெச்சீங்கன்னா, இனிமே நான் சமையக்கட்டுக்கே வரமாட்டேன். தண்ணி குடிக்கக் கூட வரமாட்டேன்."

அவள் இவ்வளவு கடுமையாகப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து முடித்த துணி பெட்டிக்குள் போவதற்கு முன் அதைக் கடைசியாகப் பார்க்கும் கண் என்னுடையது. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது பட்டாலும், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியாகப் போட்டுவிடுவேன். அப்படிச் சேர்கிற குவியலுக்கு ஆல்ட்டர் என்று பெயர். அது திருத்துவதற்குத் திரும்பிப் போகும். இதெல்லாம் கம்பெனி கேட்டோடு நின்றுவிட வேண்டிய சமாசாரம். ஆனால் என் கண் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடுகிறது. பிள்ளைகள் மடித்து வைத்த துணியை நான் பிரித்து மறுபடி மடிப்பேன். அவர்கள் தேய்த்த சப்பாத்தி கல்லுக்குப் போகும் வழியில் என் கட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். பொங்கலுக்கு மூத்தவள் போட்ட கோலத்தில் ஒரே ஒரு புள்ளியைத் திருத்தத்தான் குனிந்தேன். நிமிர்ந்தபோது, அவள் வைத்ததில் ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம் இருந்தது.

"சரி கண்ணு. அம்மா வரவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

ஹாலில் என் கணவர் பாய் விரித்துப் படுத்திருந்தார். நான் ஒரு நாற்காலியை எடுத்துப் பீரோவுக்கு எதிரே போட்டுக்கொண்டேன். பீரோக் கண்ணாடியில் சமையலறையின் பாதி தெரியும். அந்தப் பாதி தெரிகிற கோணத்தில் நாற்காலி விழுந்தது தற்செயல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடியில் தெரிந்த வரைக்கும் வேலை நன்றாகத்தான் நடந்தது. ஒரு டம்ளர் பொட்டுக்கடலையை மிக்சியில் போட்டு மாவாக அரைத்தார்கள். அதே டம்ளரில் பாதி அளவு நாட்டுச்சர்க்கரை, இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. நெய்யை உருக்க வேண்டிய தேவையே இல்லை. மே மாத வெயிலில் எங்கள் ஊர் நெய் பாட்டிலுக்குள் தானாகவே எண்ணெய் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அதைக் கரண்டி கரண்டியாக விட்டு, கையால் பிசைந்து, அள்ளிப் பிடித்தால் பிடி நிற்கிற பதம் வந்ததும் உருட்ட வேண்டியதுதான். எட்டு வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடலாம். செய்தும் கொண்டிருந்தது. ஆனால் மாவைச் சலித்ததாகத் தெரியவில்லை.

"மாவைச் சலிச்சயா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்மா!" என்று உள்ளே இருந்து இரண்டு குரல்.

"நான் கை வெக்கலையே. வாய்தான வெச்சேன்."

"வாயையும் சேத்துத்தான் சொல்லியிருக்குது புள்ள" என்றார் என் கணவர், கண்ணைத் திறக்காமலே.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். இளையவளின் புருவத்தில் மாவு இருந்தது. துடைத்துவிடக் கை போனது, இழுத்துக்கொண்டேன். தட்டை மூடி வைத்திருப்பதாகவும், மேல் வீட்டு அத்தையிடம் ஒரு சாமான் வாங்கி வரப் போவதாகவும் சொன்னார்கள். மாடியில் குடியிருப்பவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கம்பெனிகளிலிருந்து துணி வாங்கி வந்து, வீட்டிலேயே பிசிறு வெட்டி லேபிள் வைத்துக் கொடுக்கிறாள். என்ன சாமான் என்று கேட்டேன். அது சஸ்பென்ஸ் என்று சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார்கள்.

வீடு அமைதியானது. நான் நாற்காலியில் ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எறும்பு ஞாபகம் வந்தது.

எறும்பு ஒரு நல்ல காரணம். மே மாதம், நாட்டுச்சர்க்கரை, நெய். எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்?

"எங்க கெளம்பிட்ட?" என்றார் பாயில் இருந்தவர்.

"எறும்பு பாக்கறதுக்குங்க."

"எறும்பா?" என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் தடுத்திருக்கலாம். இதை நான் பின்னால் அவரிடம் சொன்னபோது, உன்னைத் தடுக்கிறதுக்கு நான் யார், எறும்பே பயப்படுது என்றார்.

மேடையில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. எறும்பு ஒன்றுகூட இல்லை. நான் அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வெளியே எறும்பு இல்லை என்றால் உள்ளே இல்லை என்று அர்த்தமா? மூடியை எடுத்தேன்.

ஐந்தே உருண்டைகள். ஐந்தும் ஐந்து அளவு. ஒன்று கோலிக்குண்டு, ஒன்று நெல்லிக்காய், ஒன்று எலுமிச்சை, இப்படியே போய்க் கடைசியில் ஒன்று சாத்துக்குடி மாதிரி தடியாக உட்கார்ந்திருந்தது. சலிக்காத மாவின் திப்பி அங்கங்கே தெரிந்தது. அந்தச் சாத்துக்குடியின் உச்சியில் ஒரு விரிசல்.

விரிசலை மட்டும் அழுத்திவிடலாம் என்றுதான் விரல் வைத்தேன். இதை நான் எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். உருண்டை இரண்டாகப் பிளந்தது. பிளந்ததை ஒட்டவைக்க ஒரு சொட்டு நெய் விட்டேன். ஒட்டவில்லை, இன்னும் கொஞ்சம் விட்டேன். ஒட்டியது. ஆனால் இப்போது அது மட்டும் பளபளவென்று இருந்தது. மற்ற நான்கும் வறண்டு தெரிந்தன. ஒரே பெட்டியில் இரண்டு ஷேடு போகலாமா? அவற்றையும் உடைத்து நெய் விட்டேன். எல்லாம் உடைந்த பிறகு, மறுபடி அதே மாதிரி சின்னதும் பெரியதுமாகப் பிடிக்க என் கைக்கு வராது. ஒரே அளவில் உருட்டினேன். உருட்டி முடித்தபோது பன்னிரண்டு எலுமிச்சம்பழங்கள் மூன்று மூன்றாக நாலு வரிசை நின்றன. ஒன்றுக்கொன்று நூலளவு வித்தியாசம் இல்லை. மூடிவிட்டு, கையைக் கழுவி, நெய் வாசம் போக சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவி, நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு ஒத்தாசை செய்த திருப்தி எனக்கு இருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

அவர்கள் மாடியிலிருந்து இறங்கியபோது மேல் வீட்டுக்காரியும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தாள். மூத்தவள் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். நேராகச் சமையலறைக்குள் போனார்கள். மூடி எடுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா" என்றாள் இளையவள் உள்ளே. "நாம அஞ்சுதான வெச்சோம்? பன்னெண்டு இருக்குது. குட்டி போட்டிருச்சா?"

மூத்தவள் தட்டோடு ஹாலுக்கு வந்தாள்.

"அம்மா, இதென்னதுங்க?"

"எறும்பு வந்திருக்குமோன்னு பாத்தேன் கண்ணு."

"எறும்பு வந்து உருண்டை புடிச்சுதுங்களா?"

பாயில் படுத்திருந்தவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த வெயிலில் போர்வை எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். போர்வை குலுங்கியது.

மூத்தவள் கவரைத் தட்டின் பக்கத்தில் கவிழ்த்தாள். உள்ளே இருந்து விழுந்தவை, சட்டைக் கழுத்தில் வைத்துத் தைக்கும் சின்னத் துணி லேபிள்கள். எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல். ஒவ்வொன்றிலும் ஒன்று.

"சைஸ் செட்டுங்கம்மா" என்றாள். "நாங்க சைஸ் செட்டு செஞ்சோம்."

பெரிய ஆர்டரைத் தைக்க ஆரம்பிக்கும் முன், ஒவ்வொரு அளவிலும் ஒரே ஒரு பீஸ் தைத்து, சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கி, வாங்குகிறவரின் பார்வைக்கு அனுப்புவோம். அதுதான் சைஸ் செட். அந்த வார்த்தையை நான் கம்பெனியில் தினமும் சொல்கிறேன், இரவுச் சாப்பாட்டின்போது வீட்டிலும் சொல்கிறேன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவர்களுக்கு அந்த யோசனையே வந்திருக்கிறது. திருப்பூரில் ஐந்து அளவில் ஐந்து உருண்டையைப் பார்த்து அது என்னவென்று தெரியாமல் நின்ற ஒரே செக்கிங்காரி நானாகத்தான் இருப்பேன்.

"எஸ்ஸு எனக்கு" என்று இளையவள் விளக்கினாள். "எம்மு அக்காளுக்கு. எல்லு மேல் ஊட்டு அத்தைக்கு. எக்ஸெல்லு அப்பாவுக்கு. டபுள் எக்ஸெல்லு உங்களுக்கு."

"எனக்கெதுக்குக் கண்ணு அத்தன பெருசு?"

மூத்தவள் லேபிள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எப்பவும் ஒடஞ்சதாப் பாத்துத்தான எடுப்பீங்க. பிஞ்ச தோசை உங்களுக்கு. மத்தியானம் கோழியில கூட கழுத்தத்தான் எடுத்தீங்க. அதான், பெருசா ஒண்ணு உங்களுக்குன்னே புடிச்சோம். யாருக்கும் குடுக்க முடியாத மாதிரி, லேபிள் வெச்சு."

மேல் வீட்டுக்காரி குனிந்து தட்டைப் பார்த்தாள்.

"என்னக்கா, பிள்ளைய ரெண்டும் ஆசையா செஞ்சத இப்படி ஆக்கிப்போட்டியளே! ஆனா பன்னெண்டையும் ஒரே கணக்கால்லா புடிச்சிருக்கிய. இதுக்கு ஓவர்டைம் போட்டே குடுக்கலாம்."

"இப்ப எல்லாமே ஃப்ரீ சைஸு" என்றாள் இளையவள்.

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவள் சிரிக்கவில்லை. லேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவருக்குள் போட்டு, தட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, உள் அறைக்குப் போய்விட்டாள்.

நாலு மணி ஆனது. வெட்கத்தை விட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். மேல் வீட்டுக்காரி உட்பட எல்லாரும் வந்து மேசையைச் சுற்றி நின்றோம். மூத்தவள் மட்டும் அறை வாசலில் நின்றாள். மூடியைத் தூக்கினேன்.

உருண்டை என்று சொல்லத்தக்க ஒன்றும் தட்டில் இல்லை. நான் விட்ட உபரி நெய்யும் மே மாதமும் சேர்ந்து பன்னிரண்டையும் தட்டையாக்கி, ஓரங்களில் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தன.

"ஏம்புள்ள" என்றார் என் கணவர், மிகவும் அக்கறையாக. "எருவாட்டி தட்டி வெச்சிருக்கற?"

சாணி வறட்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அதைவிடப் பொருத்தமான பெயர் அந்தத் தட்டில் இருந்ததற்கு இல்லை. என் கையால் ஆல்ட்டர் ஆன பன்னிரண்டில் ஒன்றுகூட என்னுடைய செக்கிங்கில் தேறியிருக்காது. விரிசலும் திப்பியுமாக இருந்த அந்த ஐந்தும் அப்படியே இருந்திருந்தால், கட்டாயம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஸ்பூனால் சுரண்டித் தின்றோம். ருசி அருமையாக இருந்தது. மாவு, சர்க்கரை, ஏலக்காயின் அளவுகளை மட்டும் நான் தொடவில்லை.

மூத்தவள் ஒரு ஸ்பூன் தின்றாள். எருவாட்டி என்று அப்பா சொன்னபோது அவள் உதடு கொஞ்சம் அசைந்ததை நான் பார்த்தேன். ஆனால் சொன்ன சொல்லில் நின்றாள். சாயங்காலம் இளையவள் டம்ளரோடு வந்தாள்.

"அக்காளுக்குத் தண்ணி வேணுமாங்கம்மா."

"ஏன், அவளுக்குக் காலு இல்லியா?"

"இருக்குது. சமையக்கட்டுக்குள்ளதான் வராதாம்."

தண்ணீருக்கு அடுத்து ஊறுகாய்க்கு வந்தாள். ஊறுகாய்க்கு அடுத்து, கைதுடைக்கும் துணிக்கு. அதன் பிறகு அவளுக்கே சலித்துவிட்டது. "அம்மா, ஒரு சாரி சொல்லீருங்க. என்னால நடக்க முடியல" என்றாள்.

சொல்லப் போனேன். மூத்தவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்குப் பெரிய முயற்சி வேண்டியிருந்தது.

"சாரி கண்ணு. ஆனா அந்தப் பெரிய உருண்டையில ஒரு விரிசல் இருந்துச்சு. திப்பியும்..."

"அது சாரி இல்லீங்கம்மா" என்றாள். "அது செக்கிங் ரிப்போர்ட்டு."

ஹாலுக்குத் திரும்பினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "அந்த 'ஆனா'வ எடுத்துட்டுச் சொல்லிப் பாரு" என்றார். சுலபம் போலத்தான் இருந்தது. மறுபடி போய், "சாரி கண்ணு" என்றேன். நிறுத்தினேன். ஒரு 'ஆனா' பல் வரைக்கும் வந்து நின்றது. விழுங்கினேன்.

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள்.

"டப்பாவுல பொட்டுக்கடலை மிச்சம் இருக்குது" என்றேன். "நாளைக்குக் காத்தால நீ மறுபடி செய் சாமி. நான் உள்ள வரமாட்டேன்."

"இன்னிக்கும் அப்படித்தான் சொன்னீங்க."

அது உண்மை. ஹாலில் உட்கார்ந்தால் கண்ணாடி இருக்கிறது, கண்ணாடி போனால் எறும்பு இருக்கிறது. என்னை நம்பி நானே எதையும் ஒப்படைக்க மாட்டேன்.

"நீ உள்ள இருக்கற வரைக்கும் நான் ஊட்டுக்குள்ளயே இருக்கமாட்டேன். வெளிய போயிடறேன். போதுமா?"

முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "உங்க காப்பி?"

"வேண்டாம்."

"டிபன் பாக்ஸு?"

"கம்பெனி கேன்டீன்ல பாத்துக்கறேன்."

கொஞ்சம் யோசித்தாள். "பாக்கலாம்ங்க" என்றாள். வருவாளா, மாட்டாளா என்று தெரியாமலே அன்று படுத்தேன்.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக, அடுப்புப் பக்கம் திரும்பாமல் கதவைத் திறந்து வெளியே போய், துடைப்பத்தை எடுத்து வாசல் பெருக்கினேன். பாதி பெருக்கியபோது சமையலறை ஜன்னலில் லைட் எரிந்தது. டப்பா திறக்கும் சத்தம், பிறகு மிக்சி. மிக்சி நின்றதும் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து, நெடுநேரம் உருண்டு, எங்கேயோ போய் இடித்து நின்றது. நான் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன்.